போனாள், போயிருக்கிறாள்

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். மலை பாதிதான் தெரிகிறது. துணி காயவில்லை, கூடத்துக் கொடிக்கு மாற்றியாயிற்று.

செய்ய வேண்டியவை: காஸ் பதிவு. மாத்திரைப் பெட்டி நிரப்ப. குடைக்குக் கம்பி. ரசீதுகள் கிடக்கும் டிராயர் (இதை மூன்று வருடமாக எழுதுகிறேன்).

காலையில் கைபேசியில் ஏதோ இன்ஷூரன்ஸ் பெண். 'ஐ ஹாவ் கால்டு யூ யெஸ்டர்டே, மேடம்.' நேற்று என்று சொன்ன பிறகு 'ஹாவ்' எதற்கு, 'கால்டு' போதும் என்றேன். 'ஐ ஹாவ் நோட்டட் இட்' என்றாள். அது சரி. சரி என்றும் சொன்னேன். பாலிசி வேண்டாம் என்றேன்.

இதை அரக்கோணம் கான்வென்டில் எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டோம். சிஸ்டர் பெர்னதெத் சொன்னது: ஒரு காரியத்தின் மேல் கடிகாரத்தை மாட்ட முடிந்தால் அது முடிந்துபோனது. மாட்ட முடியாவிட்டால் அது இன்னும் உங்களோடு அறையில் இருக்கிறது. அவ்வளவுதான் இலக்கணம். ஊரே இதில் தடுக்கி விழுகிறது.

அங்கே தமிழ் பேசினால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது அதற்குப் பதில்.

மதியம் 3.40. கூடத்துப் போன் அடித்தது. மாதக்கணக்கில் அடிக்காத போன். வயதான ஆண் குரல், இங்கிலீஷ். (இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

"திருத்தணியா?"

ஆமாம் என்றேன்.

"விஸ்வநாதன் டியூட்டியில் இருக்கிறாரா?"

இவர் பெயரை அந்தப் போனில் கேட்டு எவ்வளவு காலம். இவர், என் கணவர், சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். ஓய்வு பெற்றே பதினெட்டு வருடம். இறந்துவிட்டார் என்றேன். பிப்ரவரி ஒன்பது, காலை 6.10, மூன்று வருடம் ஆகப்போகிறது. எப்போதும் மணியோடுதான் சொல்வேன்.

"அப்படியானால் சார்ஜ் யார் எடுத்திருக்கிறார்கள்?"

நான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதால்.

தன் மனைவி நேற்று திருத்தணிக்குப் போயிருக்கிறாள் என்றார். 'மை ஒய்ஃப் ஹாஸ் கான் டு திருத்தணி யெஸ்டர்டே.' பழக்கம் விடுமா. 'வென்ட்' என்றேன்.

பிறகு மிகவும் மரியாதையாக: "நோ, மேடம். ஹாஸ் கான்."

வைத்துவிட்டார்.

இவர் பெயர் எப்படித் தெரியும்?

நவம்பர் 11, செவ்வாய்

தூறல் நின்றது. இட்லி மாவு புளிக்கவில்லை.

நாகம்மாவிடம் சொன்னேன். பாத்திரத்துக்கும் வீட்டுக்கும் இருபது வருடமாக அவள்தான். "ராங் நம்பருக்குக் கூட கிளாஸ் எடுக்குறியாம்மா நீ" என்றாள். இவர் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்றதும் சிரிப்பை விட்டுவிட்டாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இவர் உயிரோடு இருந்தபோது கேட் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, துளசி மாடத்தை ஒட்டி ஒதுங்கி நிற்பாள். "அய்யா போவட்டும்" என்பாள். அய்யா போகிற அந்த வழியில் இரண்டு மாடு சேர்ந்து போக இடம் உண்டு.

3.40. அதே குரல்.

"திருத்தணி? அவள் வந்து சேர்ந்திருக்கிறாளா?"

யார் நீங்கள், எங்கிருந்து என்று கேட்டேன். அரக்கோணம் என்றார். மனைவி நேற்றுக் காலை லோக்கலில் கிளம்பியிருக்கிறாள் என்றார். மறுபடி 'ஹாஸ்', மறுபடி 'யெஸ்டர்டே'. மறுபடி திருத்தினேன்.

"மேடம், கிளம்பினாள் என்று எழுத முடியாது. செக்‌ஷன் கிளியர் ஆகவில்லை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எட்டு வயது. அப்பா ரயில்வே கார்டு. அரக்கோணம் குவார்ட்டர்ஸில் சோறு பிசையும்போதே அப்பா விளக்குவார்: இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியின் கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து, 'முழுசாக வந்து சேர்ந்தது' என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த வண்டி அங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடமானாலும் பத்து வருடமானாலும்.

கடைசிப் பெட்டி அப்பாவுடையது. அதனால் அப்பா வந்தால்தான் எல்லாம் வந்ததாகக் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். வத்தல் போடலாம் என்ற ஆசை, போடவில்லை.

ஒரு வேளை உண்மையிலேயே ஒரு பெண் காணாமல் போயிருந்தால்? நான் இங்கே வினைச்சொல் திருத்திக்கொண்டிருக்கிறேன். காலையிலேயே நாகம்மாவை மலைப்படி அடிவாரத்துக்கு அனுப்பினேன். பூக்காரியிடமும் போலீஸ் பூத்திலும் விசாரித்து வந்தாள். யாரும் தொலையவில்லை.

3.40க்கு நாற்காலியைப் போன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடையாளம் கேட்டேன். மஞ்சள் புடவை, பச்சைக் கரை. கையில் மூங்கில் கூடை, மஞ்சளும் குங்குமமும். பெயர் அலமேலு. மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பதாக வேண்டுதல்.

உங்கள் எண் என்ன என்றேன். இரண்டே இலக்கம் சொன்னார்: நாற்பத்தேழு.

போன் நம்பர் இல்லை அது. பிரைவேட் நம்பர். ஸ்டேஷன் மாஸ்டர்கள் வாய்வார்த்தைக்குப் போடும் கையெழுத்து. ஒருவர் வண்டி அனுப்புகிறேன் என்றால், மற்றவர் அனுப்பு என்று சொல்லித் தன் பட்டியலிலிருந்து ஓர் எண் கொடுப்பார். கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

"உங்கள் நம்பர், மேடம்?"

கொடுக்கவில்லை. என் கை போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தது, சின்னப் பெண் மாதிரி.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. முழங்கால். நேற்றும் 3.40க்கு வந்தது, எடுத்தேன், இல்லை, வரவில்லை என்றேன், நன்றி சொல்லி வைத்தார்.

இன்று பாதிப் பேச்சில் ஒரு பெண் போனைப் பிடுங்கிக்கொண்டாள். மருமகள், பத்மா. ஆயிரம் மன்னிப்பு. மாமனார் பெயர் கோவிந்தராஜுலு, ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர், எண்பத்திரண்டு. மனைவி காணாமல் போகவில்லை. இறந்து இருபத்தைந்து வருடம். படி பூஜைக்கு வந்தவள், இரண்டாவது திருப்பத்துக்கு மேலே, கையில் குங்குமத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமனாருக்கு அன்று டியூட்டி.

இவ்வளவு காலம் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். கண்ணாடி உடைந்து நாலு மாதம் ஒன்றும் படிக்காமல் கிடந்தார். இந்த மாத ஆரம்பத்தில் வேறு கண்ணாடி கிடைத்தது. எழுத்து தெரிய ஆரம்பித்ததும் பெட்டியிலிருந்து தன் பழைய நோட்டை எடுத்தார். வீட்டில் யார் வெளியூர் போனாலும் வண்டி ஏறிய நேரம், வந்து சேர்ந்த நேரம் எழுதுகிற நோட்டாம். மனைவி கிளம்பிய வரி இருக்கிறது. வந்த வரி இல்லை. அதைப் பார்த்த அன்றைக்கே ஆரம்பித்தது.

"அத்த வராம எலையில கை வெக்க மாட்டேன்றாரும்மா. பத்து நாளா டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான். நாங்க சொன்னா உங்க பேச்சு ரிப்போர்ட் இல்லன்றாரு. நீங்க இங்கிலீஷ்ல சொல்றீங்கல்ல, கேப்பாரு. வந்துட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, சாப்டுருவாரு."

இல்லாததை நான் சொல்வதில்லை என்றேன். தப்பு திருத்துகிற அந்தக் குரலில்தான். வைத்த பிறகு எனக்கே காது கூசியது.

இந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. மாமா கண்ணாடிக் கூட்டை விட்டுக் கையை எடுப்பதில்லை, கேட்டால் திருத்தணி நம்பர் ரயில்வே கண்ட்ரோலில் கொடுத்தது என்கிறார் என்றாள்.

நவம்பர் 15, சனி

மேகம். காக்கைச் சத்தம் கூட இல்லை.

உண்மையைச் சொல்வதென்று முடிவு. கடிகாரம் மாட்டிச் சொன்னால் நிற்கும். பத்மாவிடம் தேதியும் நேரமும் வாங்கி வைத்திருந்தேன்.

3.40. அவர் கேட்குமுன் சொன்னேன். மிஸ்டர் கோவிந்தராஜுலு, உங்கள் மனைவி இறந்தார்கள். இருபத்தைந்து வருடம் முன்பு, ஒரு கிருத்திகை நாள், காலை பத்தேகால். உடலை அன்று மதியமே வேனில் அரக்கோணம் கொண்டு வந்தார்கள். சடங்கு நீங்களே செய்தீர்கள்.

அழுவார் என்று பயந்தேன். இல்லை. காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம்.

"வேனில் வந்தது என்கிறீர்கள். அது ரோடு, மேடம். ரோடு நம் டிபார்ட்மென்ட் இல்லை. அவள் போனது ரயிலில். ரயிலில் திரும்பி வரவில்லை. நான் எப்படி கிளியர் கொடுப்பேன்?"

சிஸ்டர் பெர்னதெத்திடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது.

5 மணி. எழுதியே ஆக வேண்டும். இவரும் ரயிலில்தான் போனார். கண்ணாடிக்குப் புது லென்ஸ் போடக் கொடுக்க, காலை லோக்கலில், அரக்கோணம். கொடுத்துவிட்டுக் கடைப்படி இறங்கும்போது மார்வலி. அங்கிருந்து சென்னை, மூன்று நாள், 6.10. திரும்பி வந்தது ஆம்புலன்ஸில், நெடுஞ்சாலை வழியாக. சட்டைப் பையில் கண்ணாடிக் கடை ரசீது. அதுதான் அந்த டிராயர்.

எல்லோரிடமும் 'ஹீ டைடு' என்று நாக்கு இடறாமல் சொல்கிறேன். ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கண்ணாடியை வாங்கவில்லை. வாங்கப் போகவில்லை என்று எழுதினால் முடிந்துபோன காரியம். இன்னும் வாங்கவில்லை என்று எழுதினால்?

இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மகன் ராகவன் புனேயிலிருந்து. 'டிட் யூ ஈட், மா?' என்கிறான். எப்போது என்று சொல்லாமல் 'டிட்' போடக் கூடாது என்று பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். அவன் ஆபீசில் எல்லோரும் அப்படித்தானாம். கூடத்துப் போனை வெட்டிவிடு, யார் பேசுகிறார்கள் அதில் என்றான். உன் அப்பா பெயரில் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், இருந்தது என்று சொல்லவில்லை.

3.40க்குப் போன். அவர் குரல் பாதியாகிவிட்டது. வரவில்லை என்றேன். நன்றி என்றார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. மாலை போட்டவர்கள் கூட்டம், விடியற்காலையிலிருந்து கோஷம். ஆந்திரா பஸ்கள் தெருமுனை வரை.

3.40. போன் அடிக்கவில்லை.

3.50. இல்லை.

4.10. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. 'ங்' என்று.

4.25. பத்மா அழைத்தாள். போன் வரைக்கும் நடந்து வரும்போது மயங்கி விழுந்தார். வீட்டிலேயே டிரிப். டாக்டர் வியாழன் வரைதான் பார்ப்பாராம், அப்புறம் மூக்கில் குழாய். குழாய் வைத்தால் இந்த வயதில் எழுந்திருப்பது சந்தேகம். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

நான் இல்லாததைச் சொல்வதில்லை. ஆனால் ரயிலில் வர வேண்டியது ரயிலில் வந்தால்?

பத்மாவிடம் சொன்னேன்: புதன்கிழமை மதிய பாசஞ்சர், இங்கே 3.15, அங்கே 3.40. எப்படியாவது அவரைப் பிளாட்பாரத்துக்குக் கொண்டு வா. நோட்டோடு. அவள் ஏன் என்று கேட்கவில்லை. "ஆங், கூட்டிகினு வரேம்மா" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

படி ஏறினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. நாகம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முழு வழியும் திட்டினாள். "செத்தவங்களுக்கு டிக்கெட் எடுக்கப் போறியா? ஆப் டிக்கெட்டா, புல்லா?"

மெதுவாக, முப்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து. மேலே எங்களுக்கு முன்னால் ஒரு பெண் படிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு போனாள். குனிவதும் நிமிர்வதுமாக. மஞ்சள் புடவை. இந்த மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது பேர் செய்வார்கள். கரை என்ன நிறம் என்று பார்க்க முயன்றேன். கண் போதவில்லை. நாங்கள் உட்கார்ந்தால் அவளும் நின்றாள். ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

இரண்டாவது திருப்பம். அதற்கு மேல் எண்ணி நாலு படி பூசியிருந்தது, மஞ்சள் ஈரமாக. ஐந்தாவது படி வெறும் கல். அதற்கு மேலே எல்லாம் வெறும் கல். அந்தப் பெண் இல்லை.

"எறங்கிப் போயிருப்பா" என்றாள் நா. எங்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

நாலாவது படியிலிருந்து கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் வழித்து வெற்றிலையில் மடித்துக்கொண்டேன். கணவர் இல்லாத நான் குங்குமம் தொடலாமா என்று நா. முகம் கேட்டது. நான் கூரியர் மட்டும்தான் என்றேன்.

முழங்கால் இரண்டும் நெருப்பு.

நவம்பர் 19, புதன்

நல்ல வெயில். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டவை: வெற்றிலை மடிப்பு. குடை. தண்ணீர். டிராயரிலிருந்து ரசீது. அரக்கோணம் போகிறோமே, கண்ணாடியையும் வாங்கிவிடலாம் என்று.

கடைசிப் பெட்டி. வேறு எதிலும் ஏறியிருக்க மாட்டேன், கார்டின் மகள். கூட்டமெல்லாம் முன்னால், இங்கே நாலைந்து பேர். என் எதிர் இருக்கை மட்டும் வழி முழுக்கக் காலி. ஒருவர் உட்கார வந்தார், என்ன தோன்றியதோ, 'ஆள் வருதா?' என்று என்னைக் கேட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் தலையை ஆட்டவே இல்லை. அந்த ஜன்னல் கம்பியில் மஞ்சள் விரல் தடங்கள். மலையிலிருந்து திரும்புகிறவர்கள் பிடித்ததாக இருக்கும். தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

3.40. அரக்கோணம். பெஞ்சில் பத்மா, சக்கர நாற்காலியில் அவர். எலும்பும் வேட்டியும். மடியில் நோட்டு. என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியின் கடைசியை, கடைசிப் பெட்டி என்று காட்டும் எல்.வி. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றதும்தான் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

இவருடைய கண்ணாடி.

தவறு இல்லை. இடது காதுக் கம்பியில் செம்புக் கம்பி, ஏழு சுற்று. காதுக் கம்பி கழன்றபோது நான் சுற்றியது. லென்ஸ் மட்டும் புதிது. இவர் ஒரு தடவை கூடப் பார்க்காத லென்ஸ் வழியாக ஒருவர் என்னைப் பார்க்கிறார்.

பெட்டிக்கதவுக் கம்பியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. பத்மா ஓடி வந்து இறக்கிவிட்டாள். கேட்டதற்குச் சொன்னாள்: இங்கே ஒரு கண்ணாடிக் கடையை ஒரேயடியாக மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் வாங்காத கண்ணாடிகள் ஒரு டிராயரில் இருந்தன. மாமாவுக்கு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள், இது சரியாக இருந்தது, கூட்டோடு கொடுத்துவிட்டார்கள். கூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே துண்டுச் சீட்டு. விஸ்வநாதன், திருத்தணி, எங்கள் கூடத்துப் போன் எண். இவர் கையெழுத்து. பெயரும் ஊரும் போன் எண்ணும் பார்த்தால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேறு என்ன நினைப்பார்?

வெற்றிலையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டாவது திருப்பம், நாலாவது படி, நேற்று எடுத்தது, இன்று ரயிலில் வந்தது என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

முகர்ந்து பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, திறந்திருந்த பெட்டிக் கதவைப் பார்த்தார். பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. ஒருவர் படியிறங்கும் வேகத்தில். பிளாட்பாரத்தில் வந்து, என் இடது பக்கத்தில் நின்றது.

நோட்டைப் பிரித்து எழுதினார். 'அரைவ்டு கம்ப்ளீட், 15.40.' ஹாஸ் இல்லை.

அப்புறம் தமிழில், சாதாரணமாக: "எவ்ளோ நேரம்டீ. பசிக்குது, வா."

என்னிடம் அல்ல. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்மா டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம். அங்கேயே சாப்பிட்டார், கடைசிப் பருக்கை வரை. பாதியில் ஒரு கவளத்தைக் காலி பக்கம் நீட்டினார். பத்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவள் கெஞ்சினாள். அதைக் கழற்றினால் அவர் நோட்டு படிக்க முடியாது. வேண்டாம், இதுவும் கூட்டிலேயே இருக்கட்டும் என்று ரசீதை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். அவருக்குள் இருந்த பழைய அதிகாரி எழுந்து உட்கார்ந்தார்.

"விஸ்வநாதன். இங்கே எதில் வந்திருக்கிறார்?"

காலை லோக்கல் என்றேன்.

"திரும்பியது?"

ரோடு.

தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்த்து ஒரு நொடி. பிறகு நோட்டில் புது வரியில் ஏதோ எழுதினார். பாதி வரி மட்டும்.

நவம்பர் 20, வியாழன்

உடம்பு வலி. நா. வெந்நீர் ஒத்தடம். பத்மா காலையில் அழைத்தாள். ராத்திரி இரண்டு தோசை, காலையில் இட்லி. குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்கிறார், வைக்கிறோம், அது பரவாயில்லை என்றாள்.

3.40க்குப் போன் இல்லை. இருக்காது. கிளியர் ஆகிவிட்டது.

நாற்காலியை எடுத்து பழைய இடத்தில் போட வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

காற்று. மழை வரும் போல. நாற்காலி இன்னும் போன் பக்கத்திலேயே.

காஸ் வந்தது. கீரை. தபால் ஒன்றும் இல்லை.

3.40. போன்.

குரல் திடமாக, வேறு மனிதர் போல, பின்னால் பிளாட்பார இரைச்சல். "திருத்தணி? அரக்கோணம். உங்கள் ஆளின் வரி என் நோட்டில் திறந்தே இருந்தது. விஸ்வநாதன் ஹாஸ் லெஃப்ட் அரக்கோணம் அட் த்ரீ ஃபார்ட்டி. கடைசிப் பெட்டி. நான் கண்ணால் பார்த்தேன். நம்பர் கொடுங்கள், மேடம்."

'ஹாஸ்'. மணியோடு.

திருத்தவில்லை.

நாற்பத்தொன்பது என்றேன். வாயில் வந்தது அதுதான், நாங்கள் சேர்ந்து வாழ்ந்த வருடங்கள். அவர் எழுதுவது கேட்டது. நன்றி, மேடம் என்று வைத்தார். கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

3.55. நா. வாசலில் பாத்திரம் கவிழ்க்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன், வாசல் தெரிகிறது.

4.05. வண்டிச் சத்தம். கடைசிப் பெட்டி வரை கேட்டேன். முழுசாக.

ஸ்டேஷனிலிருந்து எனக்குப் பன்னிரண்டு நிமிடம். இவர் நடையில் பதினைந்து. வழியில் பேப்பர் கடையில் நின்றால் இருபது.

4.20. காற்று நின்றிருக்கிறது.

4.24. கேட் சத்தம். நா. நிமிர்ந்து பார்த்தாள். கையைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, துளசி மாடத்தை ஒட்டி ஒதுங்கி நிற்கிறாள்.